எச்சம் அறிந்த பிள்ளைக்கு ஆங்கிலம் எளிது

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் ஆண்டுதோறும் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "பெயரெச்சம், வினையெச்சம், தொழிற்பெயர் என்று பிள்ளைகளை ஏன் ஐயா வாட்டுகிறீர்கள்? அந்த நேரத்தில் இரண்டு ஆங்கில இலக்கணப் பயிற்சி கொடுத்தால் இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது உதவுமே!"

இப்படிக் கேட்பவர்கள் தமிழுக்குப் பகைவர்கள் அல்லர். எத்தனையோ பேர் தடுத்தும் தம் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியவர்கள். பிள்ளை ஆங்கிலத்தில் பின்தங்கிவிடுமோ என்னும் அவர்களது அச்சம் உண்மையானது. அதை எள்ளி நகையாட எனக்கு மனம் வராது. ஆயினும், ஆங்கிலம் தடுமாறும்போதெல்லாம் தமிழிடமிருந்து ஒரு மணி நேரத்தைப் பிடுங்குவதுதான் மருந்து என்று நாம் எண்ணப் பழகிவிட்டோம். 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009இல் அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2016இல் இருமொழித் திட்டம் என்னும் பெயரில் வேறொரு வடிவம் வந்தது. தமிழ்ப்பள்ளிகளில் அது கிளப்பிய வாக்குவாதங்களை நாம் அறிவோம். அவற்றை மீண்டும் கிளறுவது ஈண்டு என் நோக்கமன்று. தமிழ் இலக்கணம் ஆங்கிலத்தின் நேரத்தைத் தின்கிறது என்னும் எண்ணம் மட்டும் அடிப்படையிலேயே பிழை என்கிறேன். ஆங்கில இலக்கணத்தில் நம் பிள்ளைகள் மிகுதியாகத் தடுக்கி விழும் ஓரிடத்தை எடுத்துக்கொண்டு அதைக் காட்ட முயல்கிறேன்.

ஆங்கிலத்தில் பார்ட்டிசிபில், ஜெரண்ட், இன்ஃபினிட்டிவ் என மூன்று உண்டு. மூன்றும் வினையிலிருந்து பிறந்தவை. ஆனால் தாமே வாக்கியத்தை முடிக்கமாட்டாதவை. பிள்ளைக்கு வரும் தொல்லை என்னவென்றால், முதலிரண்டும் 'இங்' என்னும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு திரிவதுதான். கீழ்வரும் வாக்கியங்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

'ரன்னிங் இஸ் குட் ஃபார் ஹெல்த்' – ஓடுதல் உடல்நலத்துக்கு நல்லது.
'த பாய் ரன்னிங் இன் த ஃபீல்டு இஸ் மை பிரதர்' – திடலில் ஓடுகிற பையன் என் தம்பி.
'த பாய் கேம் ரன்னிங்' – பையன் ஓடி வந்தான்.
'த பாய் வாண்ட்ஸ் டு ரன்' – பையன் ஓட விரும்புகிறான்.

ஆங்கிலத்தில் 'ரன்னிங்', 'ரன்னிங்', 'ரன்னிங்', 'டு ரன்'. தமிழிலோ ஓடுதல், ஓடுகிற, ஓடி, ஓட. நான்கு வேலைக்கு நான்கு வடிவம்! முதலாவது தொழிற்பெயர், ஆங்கிலத்தார் ஜெரண்ட் என்பது இதைத்தான். இரண்டாவது பெயரெச்சம். மூன்றாவது 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம். இவ்விரண்டையும் சேர்த்து ஆங்கிலம் பார்ட்டிசிபில் என்கிறது. நான்காவது 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம். மேலை நாட்டார் எழுதிய தமிழிலக்கண நூல்களில் இதற்கு இன்ஃபினிட்டிவ் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். ஆக, ஆங்கிலம் மறைத்து வைத்திருக்கும் வேறுபாட்டைத் தமிழ்ப்பிள்ளை நான்கு வயதிலேயே நாவில் வைத்திருக்கிறது. 'ஓடுதல் வந்தான்' என்றோ 'ஓடி பையன் என் தம்பி' என்றோ எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. நாம் செய்யவேண்டியது அதன் நாவில் உள்ளதை அதன் கண்ணுக்குக் காட்டுவது மட்டுமே.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடைகளில் விற்கும் சில பயிற்றிகளில் இன்ஃபினிட்டிவ் என்றால் வினையெச்சம், பார்ட்டிசிபில் என்றால் பெயரெச்சம் என்று ஒரு வரியில் பட்டியல் போட்டு முடித்துவிடுகிறார்கள். அதை மனனம் செய்த பிள்ளை 'கேம் ரன்னிங்' என்பதைக் கண்டதும் குழம்பிப்போகிறது. 'ஓடி' வினையெச்சமாயிற்றே, அப்படியானால் இது இன்ஃபினிட்டிவா என்று கேட்கிறது. கேள்வி நியாயமானது, பட்டியல்தான் பிழை. பெயருக்குப் பெயர் ஒட்டவைப்பதைவிட, அச்சொல் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது, எதைத் தேடி நிற்கிறது என்று பார்ப்பதே முறை. எச்சம் என்னும் சொல்லே அதைத்தானே சொல்கிறது? பெயரைத் தேடி நின்றால் பெயரெச்சம். வினையைத் தேடி நின்றால் வினையெச்சம். 'ஓடிய', 'ஓட' இரண்டும் அகரத்தில் முடிந்தாலும் பிள்ளை மயங்குவதில்லை. ஒன்றின் பின்னால் பையன் வருவான், மற்றொன்றின் பின்னால் தொடங்கினான் வரும்.

ஆங்கிலத்துக்கு ஏன் இந்த நிலை என்பதைத் தெரிந்துகொள்வது ஆசிரியர்களுக்கு நல்லது. பழைய ஆங்கிலத்தில் இவ்விரண்டும் ஒன்றாக இருக்கவில்லை. எச்சத்துக்கு 'எண்டெ' என்னும் ஈறும் தொழிற்பெயருக்கு 'உங்' அல்லது 'இங்' என்னும் ஈறும் தனித்தனியே இருந்தன. பாடுகிற என்பதற்குச் 'சிங்கெண்டெ'. கற்றல் என்பதற்கு 'லெஒர்னுங்'. நடுக்கால ஆங்கிலத்தில் இரண்டும் ஒலியால் நெருங்கி, 'இங்' என்பதில் கலந்துவிட்டன. அதன் உறவு மொழியாகிய ஜெர்மனில் எச்ச ஈறு இன்றும் தனித்தே நிற்கிறது. 'டு' என்பதன் கதையும் சுவையானது. அது முதலில் வெறும் வேற்றுமைச் சொல்லே; நம் 'கு' உருபு போன்றது. 'குடிப்பதற்கு' என்று நாம் சொல்வதுபோல்தான் அவர்களும் 'டு'வை வினைப்பெயரின் முன்னால் வைத்தார்கள். பின்னர் அது தேய்ந்து வெறும் அடையாளமாகிவிட்டது.

இந்த வரலாற்றை ஐந்தாம் ஆண்டு மாணவருக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால், ஆங்கிலமே ஒருகாலத்தில் வைத்திருந்து இழந்துவிட்ட வேறுபாட்டைத் தமிழ் இன்னும் காத்து வைத்திருக்கிறது என்று தெரிந்த ஆசிரியர் வகுப்பில் நிற்கும் விதமே வேறாக இருக்கும்.

இனி வகுப்பறைக்கு வருவோம்.

'ஹிஸ் ஹாபி இஸ் ஸ்விம்மிங்', 'ஹி இஸ் ஸ்விம்மிங்' ஆகிய இரண்டிலும் 'இஸ்'ஸுக்குப் பின் 'ஸ்விம்மிங்' வருகிறது. எது ஜெரண்ட், எது பார்ட்டிசிபில்? தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 'அவன் பொழுதுபோக்கு நீந்துதல்', 'அவன் நீந்திக்கொண்டிருக்கிறான்'. முடிந்தது. பொழுதுபோக்கும் நீந்துதலும் ஒன்று. அவனும் நீந்துதலும் ஒன்றாக முடியுமா? இதேபோல் 'ஸ்விம்மிங் பூல்', 'ஸ்விம்மிங் பாய்'. பையன் நீந்துவான், குளம் நீந்துமா? முதலாவது நீச்சல் குளம். நீச்சல் என்பது தொழிற்பெயர். இரண்டாவது நீந்துகிற பையன். 'வாக்கிங் ஸ்டிக்' நடக்கும் தடியன்று, 'வெயிட்டிங் ரூம்' காத்திருக்கும் அறையன்று என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும். 'டிரிங்கிங் வாட்டர்' என்பதற்குத் தமிழில் குடிநீர் என்று அழகான வினைத்தொகை இருக்கிறது. ஊறுகாய், சுடுநீர் என்று அங்கிருந்து தமிழ்ப்பாடத்துக்கே ஒரு தாவல் தாவிவிடலாம்.

நம் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தியவர்களுக்கு 'ஐ ஆம் போரிங்' என்னும் தொடர் நன்கு பழக்கமானது. விடுமுறையில் வீட்டிலிருந்து சலித்துப்போன பிள்ளை, தன்னையே சலிப்பூட்டும் பிறவியாக்கிக்கொள்கிறது! 'ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் ஃபுட்பால்' என்பதும் அவ்வகையே. 'போரிங்' செய்பவனைக் குறிக்கும், 'போர்ட்' செய்யப்பட்டவனைக் குறிக்கும் என்று நூறு முறை சொன்னாலும் மனத்தில் தங்குவதில்லை. சலிப்பூட்டுகிற, சலிப்படைந்த என்று இரண்டு பெயரெச்சங்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். வியப்பூட்டுகிற, வியப்படைந்த, அச்சுறுத்துகிற, அச்சமுற்ற. எதில் 'இங்', எதில் 'எட்' என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். தன்வினை, பிறவினை பாடம் நடத்தியிருந்தால் இன்னும் விரைவாகச் சொல்வார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. 'வாக்கிங் டு ஸ்கூல், த ரெயின் ஸ்டார்ட்டட்' என்று எழுதுவது ஆங்கிலேயரும் செய்யும் பிழை. நடந்தது யார்? மழையா? ஆங்கில இலக்கண நூல்கள் இதற்குத் தொங்கும் பார்ட்டிசிபில் என்று பெயர் வைத்துப் பக்கம் பக்கமாக எச்சரிக்கின்றன. அதை அப்படியே தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'பள்ளிக்கு நடந்து மழை தொடங்கியது'. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகூட, "என்ன சார் இது?" என்று கேட்கும். 'செய்து' என்னும் எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியவேண்டும் என்பது தொல்காப்பியத்திலேயே உள்ள விதி. 'மழை பெய்து ஆறு பெருகியது' என்பதுபோல் காரணத்தைக் காட்டுமிடத்தில் விதி நெகிழும். அது வேறு கதை. வினைமுதல் மாறும்போது நாம் தானாகவே 'நான் நடந்துகொண்டிருக்க மழை தொடங்கியது' என்றோ, 'நடந்துகொண்டிருந்தபோது' என்றோ மாற்றிவிடுகிறோம். இந்த உணர்வு உள்ள பிள்ளைக்குத் தொங்கும் பார்ட்டிசிபில் புதுப்பாடமே அன்று.

ஜெரண்ட் வருமா, இன்ஃபினிட்டிவ் வருமா என்னும் சிக்கலில் நம் ஆசிரியர்கள் வழக்கமாகச் செய்வது, இன்னின்ன வினைக்குப் பின் இது என்று பட்டியல் கொடுத்து ஒப்புவிக்கச் சொல்வது. பட்டியல் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால், பட்டியலுக்கு முன் இதைச் செய்து பாருங்கள். 'ஹி ஸ்டாப்ட் டு டிரிங்க்' – குடிக்க நின்றான். 'ஹி ஸ்டாப்ட் டிரிங்கிங்' – குடிப்பதை நிறுத்தினான். 'ரிமெம்பர் டு லாக் த டோர்' – கதவைப் பூட்ட மறக்காதே. 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்' – கதவைப் பூட்டியது நினைவிருக்கிறது. 'ஹி ரிஃபியூஸ்ட் டு கம்' – வர மறுத்தான். 'ஹி டினைட் ஸ்டீலிங்' – திருடியதை மறுத்தான். கடைசி இரண்டில் தமிழில் 'மறுத்தான்' என்னும் ஒரே வினை. இனி நடக்கவேண்டியதை மறுத்தால் 'வர', முன்பு நடந்ததை மறுத்தால் 'திருடியதை'. ஆங்கிலத்திலும் பெரும்பாலும் இதே போக்குதான்: இன்ஃபினிட்டிவ் முன்னோக்கிப் பார்க்கிறது, ஜெரண்ட் நடந்ததை அல்லது நடப்பதைப் பொருளாக்கிக் கையில் வைத்துப் பார்க்கிறது.

வேற்றுமை உருபும் கைகொடுக்கும். தொழிற்பெயர் பெயராகையால் உருபேற்கும்: நீந்துவதை, நீந்துவதால், நீந்துவதில். 'நீந்தை' என்றோ 'நீந்தால்' என்றோ சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் 'இன்', 'பை', 'வித்தவுட்' போன்ற முன்னிடைச் சொற்களுக்குப் பின் எப்போதும் 'இங்' வருவது இதனால்தான். 'லுக் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ' என்பதில் 'டு'வைக் கண்டு ஏமாந்து 'மீட்' என்று எழுதுவோர் பெரியவர்களிலும் பலர். அங்குள்ள 'டு' உருபு. 'சந்திப்பதற்கு' என்பதிலுள்ள 'கு'. அந்த இடத்தில் 'ஹாலிடேஸ்' போன்ற ஒரு பெயரை வைத்துப் பார்த்துப் பொருந்தினால் அடுத்து வரவேண்டியது ஜெரண்ட்.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று சொன்னால் நான் விளம்பரம் செய்தவனாவேன். சில இடங்களில் தமிழே காலை வாரிவிடும். நம் பெயரெச்சம் மிகவும் தாராளமானது. எழுதிய மாணவன், எழுதிய கடிதம், எழுதிய பேனா, எழுதிய மேசை, எழுதிய நாள் என்று செய்தவன், செய்யப்பட்டது, கருவி, இடம், காலம் அனைத்தையும் ஒரே வடிவம் தழுவிக்கொள்ளும். ஆங்கிலப் பார்ட்டிசிபிலுக்கு அந்த அகன்ற மார்பு கிடையாது. 'ரிட்டன் லெட்டர்' சரி; 'ரிட்டன் பென்' ஆகாது. 'நான் படித்த பள்ளி' என்பதை மனத்தில் வைத்து 'மை ஸ்டடிட் ஸ்கூல்' என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. அங்கே 'த ஸ்கூல் வேர் ஐ ஸ்டடிட்' என்று முழு வாக்கியமாக விரித்துச் சொல்லவேண்டும் என்று கற்பிக்கத்தான் வேண்டும். 'எழுதி முடித்தான்' என்று நாம் 'செய்து' எச்சத்தில் சொல்வதை அவர்கள் 'ஃபினிஷ்ட் ரைட்டிங்' என்று ஜெரண்டில் சொல்கிறார்கள். 'சாப்பிட்ட பிறகு' என்பதில் நமக்குப் பெயரெச்சம்; 'ஆஃப்டர் ஈட்டிங்' என்பதில் அவர்களுக்கு ஜெரண்ட். 'பாட முடியும்' என்பதில் 'பாட' இருக்கிறதே என்று 'கேன் டு சிங்' என்று எழுதினால் தவறு. 'கேன்' போன்ற துணைவினைகளுக்குப் பின் 'டு' உதிர்ந்துவிடும். இவற்றை மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று பார்க்கும் பழக்கமே பாதிப் பாடம்.

நம் பிள்ளைகளின் தலையில் மூன்றாவதாக ஒரு மொழியும் இருப்பதை மறந்துவிடக்கூடாது. மலாய் மொழியில் 'பெர்லாரி' என்னும் ஒரு சொல்லே ஓடுகிறான், ஓட, ஓடுதல் அனைத்துக்கும் போதும். 'சாயா சுக்கா பெர்லாரி' – எனக்கு ஓடப் பிடிக்கும். ஈறு எதுவும் மாறுவதில்லை. 'ஐ லைக் ரன்' என்று பிள்ளை எழுதினால் அது சோம்பலுமன்று, மந்தமுமன்று. அந்த வாக்கியம் மலாய் வழியாக வந்திருக்கிறது. திருத்தும் ஆசிரியர் தமிழ்வழியாக அதை மீண்டும் நடத்திச் சென்றால் ('எனக்கு ஓட...' என்றால் 'டு ரன்', 'ஓடுவது' என்றால் 'ரன்னிங்') பிள்ளைக்குப் பிழையின் பிறப்பிடம் தெரிந்துவிடும். சிவப்பு மையில் வட்டம் போடுவதால் அது தெரியாது.

ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு மொழி காதில் விழக்கூடாது என்று நினைப்போர் ஒருசாரார். பேச்சுப் பயிற்சிக்கு அது சரி, நானும் ஆதரிக்கிறேன். இலக்கணத்தில் ஒரு நுட்பத்தை விளக்கும் இரண்டு நிமிடங்களுக்கும் அதே சட்டமா? பள்ளியொன்றில், பிள்ளை 'ஓடுதல்' என்று தமிழில் விடை சொன்னதற்காக அதை எழுப்பி நிற்கவைத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை சரியாகப் புரிந்துகொண்டிருந்தது, அதுதான் கொடுமை.

இன்னொரு சாரார் பெயரிடுவதிலேயே குறியாக இருக்கிறார்கள். அடிக்கோடிட்ட சொல் ஜெரண்டா, பார்ட்டிசிபிலா என்று இருபது கேள்வி. ஆங்கில இலக்கண அறிஞர்களே இதில் ஒருமித்த கருத்துடையவர்கள் அல்லர். 2002இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணப் பெருநூலில் ஹடில்ஸ்டனும் புல்லமும் இரண்டையும் பிரிக்காமல் 'ஜெரண்ட் பார்ட்டிசிபில்' என்று ஒரே வடிவமாகக் கொண்டுவிட்டார்கள். அறிஞர்கள் கைவிட்ட பெயர்ப்பலகையைப் பத்து வயதுப் பிள்ளை தூக்கிச் சுமப்பானேன்? 2017 முதல் நம் நாட்டு ஆங்கிலப் பாடத்திட்டம் ஐரோப்பிய மொழித்தகுதி அளவுகோலைத் தழுவிப் பயன்பாட்டுக்கே முதன்மை தருகிறது. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் நீக்கப்பட்டுவிட்டது. பெயரை ஒப்புவிக்கவேண்டிய நெருக்கடி தொடக்கப்பள்ளியில் இல்லை. பெயர் தெரியாவிட்டால் குறையில்லை. 'குடிக்க நின்றான்', 'குடிப்பதை நிறுத்தினான்' ஆகிய இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால்தான் குறை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பிள்ளை ஆங்கிலக் கதைப்புத்தகம் படிக்கும்போது பக்கத்துக்கு ஓர் 'இங்' சொல்லைத் தொட்டு, "இதைத் தமிழில் எப்படிச் சொல்வாய்?" என்று மட்டும் கேளுங்கள். இலக்கணம் உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. தமிழ் காதுக்கு இயல்பாக இருந்தால் பிள்ளை புரிந்துகொண்டது என்று பொருள். இதற்கு டியூஷன் கட்டணம் கிடையாது!

பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பவர் தமிழறியாதவராக இருந்தால் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். நடக்கும். ஓடுதல், ஓடுகிற, ஓடி, ஓட என்னும் நான்கு வரிசைகளைக் கொண்ட ஒரே ஒரு தாளைத் தமிழாசிரியர் அவருக்கு எழுதிக் கொடுக்கலாம்; பக்கத்தில் ஆங்கில வாக்கியம், அடியில் 'படித்த பள்ளி' போன்ற பொறிகள் நான்கைந்து. அவர் தமிழ் பேசவேண்டியதில்லை, பிள்ளை எந்த வரிசையைச் சுட்டுகிறது என்று பார்த்தால் போதும். எழுத அரை மணி நேரம் ஆகும். ஆசிரியர் அறையில் தமிழாசிரியர் மேசையும் ஆங்கில ஆசிரியர் மேசையும் பத்தடி தூரத்தில்தான் இருக்கின்றன.